பெண்கள் கூடைப்பந்தில் உடல்மோதலும் நடுவர் தீர்ப்பும்

கூடைப்பந்தில் எந்த அளவு உடல் உரசலைப் பொறுத்துக்கொள்வது, எந்த இடத்தில் விசில் ஊதுவது என்பதை முடிவு செய்யும் விதிகளும், அவற்றைக் களத்தில் நடைமுறைப்படுத்தும் நடுவர் முறையும் இக்கட்டுரையின் பொருள். உடலோடு உடல் மோதாத ஆட்டமாகத்தான் கூடைப்பந்து வடிவமைக்கப்பட்டது. ஆனால் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் பத்துப் பேர் ஓடும்போது ஒருவர்மேல் ஒருவர் படாமல் இருப்பது நடக்காத காரியம். ஆண்கள் ஆட்டம் இதை விரைவிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. பெண்கள் ஆட்டம் பிறந்த அமெரிக்கக் கல்லூரிகளிலேயே அதற்கு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குக் காயம் பற்றிய அச்சத்தைவிட, ஒரு பெண் எப்படி ஆடினால் அடக்கமாக இருக்கும் என்று பிறர் வைத்திருந்த எண்ணமே பெரிய காரணம். அந்த எண்ணத்தின் சுவடு இன்றும் நடுவர் விசிலில் கேட்கிறது. இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரி மைதானங்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு.

தொடக்கம்

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். குளிர்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. பந்தோடு ஓடக் கூடாது என்றால், ஓடுபவரைப் பிடித்து வீழ்த்த வேண்டிய தேவையே வராது என்பது அவர் கணக்கு. இலக்கைத் தலைக்கு மேலே வைத்ததும் அதே நோக்கத்தில்தான்: உயரத்தில் உள்ள கூடைக்குள் பந்தை மெதுவாக வளைத்துத்தான் போட முடியும், வேகமாக எறிந்து பயனில்லை.

1892 ஜனவரியில் அச்சான அவருடைய 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, தட்டிவிடுவது, அடிப்பது எல்லாவற்றையும் தடை செய்தது. முதல் முறை செய்தால் தவறு. இரண்டாம் முறை செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும். காயப்படுத்தும் நோக்கம் தெரிந்தால் ஆட்டம் முழுக்க வெளியே; மாற்று ஆளும் கிடையாது. அந்த விதிகள் நடுவர் வேலையை இரண்டாகப் பிரித்ததும் கவனிக்கத்தக்கது. ஒருவர் பந்தைப் பார்ப்பார், மற்றவர் ஆட்களைப் பார்ப்பார். பந்தின் பின்னாலேயே கண் போனால் மோதல் தெரியாது என்பதை நெய்ஸ்மித் முதல் நாளிலேயே புரிந்திருந்தார். இன்றைய நடுவர் பயிற்சியிலும் இதுவே முதல் பாடம்.

சில மாதங்களில் ஆட்டம் பெண்கள் கல்லூரிக்குப் போனது. மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரன்சன், 1893 மார்ச் 22 அன்று இரண்டாம் ஆண்டு மாணவிகளையும் முதலாம் ஆண்டு மாணவிகளையும் மோதவிட்டார். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. மூத்தவர்கள் 5-4 என்று வென்றார்கள். 1896 ஏப்ரல் 4 அன்று ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பெண்கள் ஆடிய முதல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலும் ஆண் பார்வையாளர்கள் இல்லை. ஸ்டான்ஃபோர்டு 2-1 என வென்றது.

பெரன்சன் விதிகளை மாற்றினார். களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, யாரும் தம் பகுதியைத் தாண்டக் கூடாது என்றார். எதிராளி கையிலுள்ள பந்தைப் பறிக்கவோ தட்டிவிடவோ கூடாது. மூன்று விநாடிக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது, மூன்று முறைக்கு மேல் தரையில் தட்டக் கூடாது. கூட்டாக ஆடப் பழக வேண்டும், ஒருத்தி மட்டும் ஆட்டத்தை ஆளக் கூடாது என்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கோடுகள், பெண்ணின் உடல் முழுக் களத்தையும் ஓடித் தாங்காது என்ற அக்கால நம்பிக்கைக்குச் சட்ட வடிவமும் கொடுத்தன. நியூ ஆர்லியன்ஸின் கிளாரா பேயர் 1895இல் வெளியிட்ட விதிகள் இன்னும் கடுமையானவை. எதிராளியை மறித்து நிற்பதே அதில் தவறு.

பகுதி பிரித்த ஆட்டம் நெடுநாள் நீடித்தது. 1938இல் மூன்று பகுதிகள் இரண்டாயின. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஐந்து பேராக முழுக் களத்தில் ஆடுவது 1971இல்தான் நிலைபெற்றது. ஐயோவா மாநிலப் பள்ளிகளில் ஆறு பேர் ஆட்டம் 1993 வரை இருந்தது. உலகின் பிற பகுதிகள் இவ்வளவு காத்திருக்கவில்லை. 1938இல் ரோமில் ஐரோப்பியப் பெண்கள் போட்டியும், 1953இல் சிலியில் முதல் உலகப் போட்டியும் நடந்துவிட்டன. ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து 1976இல் மாண்ட்ரியாலில் சேர்ந்தது.

நீரிணையின் இரு கரைகள்

பெரன்சன் காலத்து எண்ணத்தின் இன்னொரு கிளை இங்கிலாந்தில் வளர்ந்தது. மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் நடத்திய பெண்கள் உடற்பயிற்சிக் கல்லூரியில் கூடைப்பந்து உருமாறி, 1901இல் தனி விதிகளுடன் வலைப்பந்து ஆனது. பலகை இல்லாத வளையம், ஏழு பேர், ஒவ்வொருவருக்கும் எல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். அக்கரையில், பிரிட்டிஷ் வழிவந்த பள்ளிகளைக் கொண்ட இலங்கையில், பெண்களின் பெரிய அணி விளையாட்டு வலைப்பந்து. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த 2.08 மீட்டர் உயரத் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி, 2018இல் சிங்கப்பூரில் நடந்த ஆசியப் போட்டி இறுதியில் சிங்கப்பூரை 69-50 என வென்றது. அந்த உயரத்தைத் தள்ளித் தடுக்க விதி இடம் கொடுக்காது. கூடைப்பந்தில் அதே உயரத்துக்கு எதிராக இடுப்பும் தோளும் இறங்கியிருக்கும். ஒரே தாயாட்டத்தின் இரண்டு பிள்ளைகள் எவ்வளவு வேறாகிவிட்டன என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இக்கரைக்கு ஆட்டம் வந்த வழி வேறு. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் தமிழ்நாட்டுப் பள்ளி, கல்லூரிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகப் போனார்கள். அமெரிக்க ஆட்டங்களும் அவர்களோடு போயின. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934இல் புது தில்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950இல் அமைந்தது. பெண்களிடையே பரவலாக வேரூன்றிய எறிபந்தும் சென்னை ஒய்.எம்.சி.ஏ. வழியாக வந்ததே. அதில் வலை நடுவே நிற்பதால் உடல் உரசலுக்கே வழியில்லை. எறிபந்து, வளையப்பந்து, கைப்பந்து என்று நம் பெண்கள் பள்ளிகளில் அதிகம் ஆடப்பட்டவை பெரும்பாலும் வலை பிரித்த ஆட்டங்கள். கபடி மட்டும் நேர் எதிர். அங்கே பிடித்து மடக்குவதே ஆட்டம். பெண்கள் கபடி 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் இடம்பெற்றது. கபடியில் எதிராளியின் கணுக்காலைப் பிடிப்பதைப் பாராட்டும் ஊர், கூடைப்பந்தில் பெண் தோள் கொடுத்தால் முகம் சுளிக்க நியாயம் இல்லை.

விதி இன்று சொல்வது

இன்றைய சர்வதேச விதியில் ஆண், பெண் வேறுபாடு பந்தின் அளவில்தான்; பெண்கள் 2004 முதல் 6ஆம் எண் பந்தில் ஆடுகிறார்கள். உடல் உரசல் பற்றிய விதி இருவருக்கும் ஒன்றே. ஒவ்வொரு ஆட்டக்காரரையும் சுற்றி ஒரு கற்பனை உருளை உண்டு. முன்னால் உள்ளங்கை, பின்னால் பிட்டம், பக்கங்களில் கை கால்களின் வெளிவிளிம்பு அதன் எல்லை. அந்த உருளைக்குள் நேராக எம்பிக் கையுயர்த்த அவருக்கு உரிமை உண்டு. எதிராளி வந்து மோதினாலும் இவர்மேல் தவறில்லை. எல்லையைத் தாண்டிக் கையோ இடுப்போ நீண்டு, அதனால் எதிராளிக்குப் பாதிப்பு வந்தால்தான் ஃபவுல். உரசல் நடந்தது என்பதே தவறாகிவிடாது. தவறுக்கும் தற்செயலுக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளிதான் நடுவரின் உண்மையான வேலைக்களம்.

ஸ்கிரீன் எனப்படும் மறிப்பு அடிக்கடி சண்டையில் முடிவது. மறிப்பவர் இரண்டு காலும் தரையில் ஊன்றி அசையாமல் நிற்க வேண்டும். எதிராளியின் பார்வைக்கு அப்பால் நிற்கிறார் என்றால் ஓரடி எடுத்துவைக்க இடம் விட வேண்டும். ஓடி வருபவரை மறித்தால் ஒன்று அல்லது இரண்டு அடி இடம் தேவை. வளையத்துக்குக் கீழே 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள், காற்றில் எம்பி வருபவர் முன் நின்று மோதலை வாங்கிக்கொண்டு எதிராளிமேல் தவறு வாங்க முடியாது. ஐந்து தனித்தவறு செய்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஒரு கால்பகுதியில் அணிக்கு நான்கு தவறு ஆனபின், பந்து தன்வசம் இல்லாதபோது செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

பெண்கள் ஆட்டத்தில் பெரிய முழங்கால் காயமான முன் சிலுவைத் தசைநார்க் கிழிவு, பெரும்பாலும் யாரும் தொடாமலேயே, தரையிறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் ஏற்படுகிறது. தொடுவதைத் தடுத்து உடலைக் காக்க நினைத்த பழைய விதிகளால் இதைத் தடுத்திருக்க முடியாது. முறையான கால் தசைப் பயிற்சிக்கு அந்த வேலை உண்டு.

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டம் அண்மைக் காலத்தில் கோடிக்கணக்கானவர்களை ஈர்த்தபோது நடுவர் தீர்ப்பும் பேசுபொருளானது. 2023 இறுதிப் போட்டியில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஐயோவாவை 102-85 என வென்றது. இரு அணி முன்னணி வீராங்கனைகளும் தவறுக் கணக்கால் வெளியே உட்கார நேர்ந்தது. பந்தைத் தூக்கிப் போட்டதற்காக ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க்குக்குத் தொழில்நுட்பத் தவறு விழுந்தது. மறு ஆண்டு அரையிறுதியில், 3.9 விநாடி மீதமிருக்க ஐயோவா 70-69 என முன்னிலையில் இருந்தபோது, கனெக்டிகட் அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் அசையும் மறிப்பு செய்ததாக விசில் ஊதப்பட்டது. ஐயோவா 71-69 என வென்றது. விதிப்படி அது தவறா என்பதைவிட, முதல் 39 நிமிடம் விட்ட அளவையே கடைசி நிமிடத்திலும் விட்டார்களா என்று கேட்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஒரே ஆட்டத்துக்குள் அளவுகோல் மாறாதிருந்தால், கண்டிப்பான நடுவரிடமும் தாராளமான நடுவரிடமும் ஆட்டக்காரர்கள் ஒத்துப்போவார்கள்.

இராமநாதபுரம் கடற்கரையில்

1985இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதே ஆண்டு காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. இன்று இம்மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் அதனுடன் இணைந்தவை. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகும் மாணவிக்கு அடுத்தது தென்மண்டல அளவிலான பல்கலைக்கழகப் போட்டி. அங்கே சென்னையின் வலுவான அணிகளோடு மோத வேண்டிவரும். சென்னையில் வளர்ந்து தெற்கு இரயில்வேக்காக ஆடிய அனிதா பால்துரை 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். இந்தியப் பெண்கள் அணி 2017இல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதியில் கஜகஸ்தானை 75-73 என வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த உயரத்தில் எல்லா அணிகளும் தோளால் ஆடுகின்றன. உள்ளூர் நடுவர் ஒவ்வொரு உரசலுக்கும் விசில் ஊதி வளர்த்த மாணவி, மாவட்டம் தாண்டியதும் திகைத்துப்போவாள். அவளைக் காக்கிறோம் என்று நினைத்து ஊதப்படும் அந்த விசில் அவளுக்குக் கெடுதல்தான் செய்கிறது.

கடற்கரைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. சிமென்ட் தளத்தில் விழுவது மரத்தளத்தில் விழுவது போல் அல்ல. முழங்கையும் முட்டியும் உரிந்துவிடும். தளத்தில் மணல் படிந்தால் கால் வழுக்கும்; ஒருவர் விழுந்தது தள்ளியதாலா, வழுக்கியதாலா என்று நடுவர் நொடியில் பிரித்தறிய வேண்டும். காற்று இன்னொன்று. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் இரயிலை நிறுத்திவைத்த கரை இது. சோழகமோ வாடையோ வீசும் மாலையில் தொலைவிலிருந்து எறியும் பந்து விலகும். ஆகவே ஆட்டம் வளையத்தடிக்கு நகரும், தவறிய பந்துக்காக அங்கே நெரிசல் கூடும். காற்று நாளில் பலகைக்குக் கீழே நிற்கும் நடுவருக்கு வேலை அதிகம்.

கீழக்கரையில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. இது போன்ற கல்லூரிகளின் மாணவிகளுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விதி மாற்றம் 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை சர்வதேசக் கூடைப்பந்தில் தலையை மூடி ஆட முடியாது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஹிஜாபை அகற்ற மறுத்த கத்தார் பெண்கள் மங்கோலியாவுக்கு எதிரான ஆட்டத்தைக் கைவிட்டார்கள். உடல்மோதலில் துணி கழுத்தை இறுக்கும், ஊசி குத்தும் என்பதே தடைக்குச் சொன்ன காரணம். புதிய விதி அந்தக் காரணத்துக்குத் தீர்வு கண்டது: முகத்தை மறைக்காத, கழுத்தைச் சுற்றி ஊசியோ பொத்தானோ இல்லாத, எங்கும் நீண்டு தொங்காத, கறுப்பு, வெள்ளை அல்லது சீருடை நிறத்தில் ஆன தலைமூடி அணியலாம்.

பெரிய போட்டிகளில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். கல்லூரி அளவில் இரண்டு பேரே வழக்கம். ஒருவர் வளையத்தடியில், மற்றவர் ஆட்டத்தின் பின்னால். அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் விசில் பிடித்துப் பழகிய வயலெட் பால்மரும் டீ கான்ட்னரும் 1997இல் ஆண்களின் என்.பி.ஏ. போட்டிகளிலேயே நடுவராயினர். தமிழ்நாட்டில் உடற்கல்வி படித்த பெண்கள் ஏராளம். ஆடி முடித்த ஒரு மாணவி விதித் தேர்விலும் ஓட்டத் தகுதித் தேர்விலும் தேறி மாநில நடுவராகலாம். காரைக்குடியிலேயே பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டிக்கு இருவரில் ஒருவரையாவது பெண்ணாக நியமிக்க, இப்போதுள்ள ஏற்பாடுகளே போதும்.