சொந்தக் காசில் போட்ட புத்தகங்கள்



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் இங்கே கூடியிருக்கிறோம். அவருடைய பௌத்தம் பற்றியும், அவர் எழுதிய மாற்று வரலாறு பற்றியும் இதுபோன்ற மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நாம் எடுத்துக்கொள்வது அவருடைய அன்றாட வேலையை. எழுதியதை அச்சேற்றி, விலை வைத்து, வாசகர் கையில் சேர்த்து, சந்தாவை வசூலித்து, அடுத்த வாரம் அதையே மறுபடி தொடங்கிய வேலை அது.

இதற்குக் காரணம் உண்டு. கையெழுத்துப் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் பலர். "இதை யார் போடுவார்கள்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. தானே போட்டால், "சொந்தக் காசில் போட்டுக்கொண்டது" என்று ஓர் ஏளனம் வரும். பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தால் இலக்கியம், இல்லாவிட்டால் ஆர்வக்கோளாறு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நம் வரலாற்றுக்குப் பொருந்தாது. நம் சிந்தனையின் அடித்தளமான எழுத்துகளில் பலவும் எழுதியவர்களே காசு போட்டு, கடன் பட்டு, கையேந்திக் கொண்டுவந்தவை.

இரட்டைமலை சீனிவாசனிலிருந்து தொடங்குவோம். 1893 அக்டோபரில் அவர் 'பறையன்' இதழை வெளியிட்டார். நான்கு பக்கம், மாத இதழ், விலை இரண்டணா. முதலில் வெளியிடப் பத்து ரூபாய் செலவானதையும், சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றதையும் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவரே பதிவு செய்திருக்கிறார். 400 பிரதி, இரண்டணா வீதம், 800 அணா. அதாவது 50 ரூபாய். வாங்கத் தயாராக ஒரு வாசகர் கூட்டம் இருந்தது. அதைத் தேடி யாரும் போகவில்லை, அவ்வளவுதான். சில மாதங்களில் இதழ் வார இதழானது. பின்னர் சொந்த அச்சுக்கூடமும் வந்தது. இவையெல்லாம் நடந்தது இழிசொல்லாக்கப்பட்ட ஒரு பெயரைத் தலைப்பில் தாங்கிய இதழுக்கு. அந்தத் தலைப்பை எந்தப் பதிப்பாளர் அனுமதித்திருப்பார்? தலைப்பு நம்முடையதாக இருக்க வேண்டுமென்றால் அச்சும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதைச் சீனிவாசன் அன்றே கண்டுகொண்டார்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1907 ஜூன் 19 அன்று, சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. ஓராண்டு கடந்ததும் அது 'தமிழன்' ஆனது. அயோத்திதாசர் சித்த மருத்துவர். வைத்தியம் பார்ப்பது தொழில், பத்திரிகை நடத்துவது அதற்கு மேல் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. புதன்கிழமைதோறும் இதழ் வர வேண்டும். அது ஈய எழுத்துகளின் காலம். ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோக்க வேண்டும். மெய்ப்பு எடுத்துத் திருத்த வேண்டும். அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து மறுபடி பெட்டிக்குள் போட வேண்டும்; அப்போதுதான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்கும். நோயாளிகளுக்கும் நாடி பிடித்துக்கொண்டு, இந்த வேலைக்கும் வாரம் தவறாமல் எழுதிக் கொடுத்தவர் அவர்.

விலையைப் பாருங்கள். அன்றைய ஒரு ரூபாய்க்கு 64 பைசா. 64 பேர் வாங்கினால்தான் ஒரு ரூபாய். அவ்வளவு குறைந்த விலை வைத்ததால் இதழ் கூலிக்காரர்களின் கைக்குப் போனது. கோலார் தங்கவயல், ரங்கூன், தென்னாப்பிரிக்கா என்று தமிழ்த் தொழிலாளர்கள் பிழைக்கப் போன ஊர்களிலெல்லாம் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். ஆனால் பைசாவில் வருகிற பணத்தைச் சேர்ப்பது ரூபாயில் வருகிற பணத்தைச் சேர்ப்பதைவிடக் கடினம். ஒரு பெரிய நூலை மொத்தமாக அச்சடிக்க முதல் வேண்டும். வாரம் சில பத்தி என்று போட்டால் அந்தந்த வாரத்துக் காசு போதும். 'இந்திரர் தேச சரித்திரம்' இதழில் தொடராக வந்து பிறகு நூலானது. அதைப் படிக்கும்போது அதன் வடிவத்துக்குப் பின்னால் இந்தப் பொருளாதாரமும் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையல்ல. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. கோல்ஹாப்பூர் சாகு மகாராஜ் கொடுத்த 2,500 ரூபாய் அந்த இதழுக்குக் கைகொடுத்தது. லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் எழுதிவிட்டார். மாநாடு நடக்கவில்லை. ஆனால் உரை நமக்குக் கிடைத்தது. ஏனென்றால் லாகூரில் அச்சிடலாம் என்று அவர்கள் சொன்னதை ஏற்காமல், தம் மேற்பார்வையில் பம்பாயிலேயே அதை அச்சிட்டிருந்தார். அச்சு மண்டலின் கையில் இருந்திருந்தால் 'சாதியை அழித்தொழித்தல்' என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறோம்.

அந்த 1,500 பிரதிகளும் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. அதன் விலை எட்டணா. நூலை விமர்சித்து 'ஹரிஜன்' இதழில் எழுதிய காந்தி, ஆசிரியரே இதை வெளியிட்டிருக்கிறார் என்று குறிப்பிட்டு, விலையை இரண்டணாவாக, அல்லது நான்கணாவாகவாவது குறைக்கலாம் என்று யோசனையும் சொன்னார். மலிவாக இருக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பின்னால் ஓர் ஆசிரமமும் நன்கொடையாளர்களும் உள்ள பத்திரிகையின் விலையும், தனி மனிதர் தம் பையிலிருந்து எடுத்துப் போட்ட நூலின் விலையும் ஒன்றாக இருக்க முடியுமா? அயோத்திதாசரின் ஒரு பைசா, அம்பேத்கரின் எட்டணா இரண்டுக்கும் காரணம் உண்டு. யார் வாங்க வேண்டும், அடுத்த பதிப்புக்கு முதல் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து வைப்பதுதான் விலை.

இருபது ஆண்டுகள் கழித்தும் நிலைமை மாறிவிடவில்லை. சட்ட அமைச்சராக இருந்த அந்த மனிதர், 1956 செப்டம்பரில் நேருவுக்குக் கடிதம் எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' அச்சிட ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆகிறது, நூலகங்களுக்காக அரசு 500 பிரதிகள் வாங்க முடியுமா என்று கேட்டார். புத்த ஜெயந்திக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். 1957இல் நூல் வெளிவந்தது. அச்சான நூலை அவர் பார்க்கவில்லை.

இனி நாம் அதிகம் பேசாத பகுதிக்கு வருவோம். 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு இன்று நம் கையில் இல்லை. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் வந்த ஓர் இதழை, அதன் ஆசிரியர் எழுதிவைத்த சில பக்கங்களைக் கொண்டே பெரும்பாலும் பேசிக்கொண்டிருக்கிறோம். 'தமிழன்' தப்பியது. 1914 மே 5இல் பண்டிதர் மறைந்த பிறகும் கோலார் தங்கவயல் தோழர்கள் அதை மறுபடி நடத்தினார்கள். சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை நூல்களாக்கியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களை வீட்டில் காத்து வைத்தார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து வர முடிந்தது. இடையில் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள். பல்கலைக்கழகங்களும் பெரிய நூலகங்களும் செய்யாத வேலையைச் சுரங்கத் தொழிலாளர்களின் சமூகமும் சில வீட்டு அலமாரிகளும் செய்தன. சொந்தமாக வெளியிடுவது என்றால் அச்சிடுவதோடு முடிவதில்லை, காப்பதும் அதில் சேர்ந்தது என்பதுதான் இந்த இரண்டு இதழ்களின் விதி நமக்குக் காட்டுவது.

இன்று கருவிகள் எளிதாகிவிட்டன. நூறு பிரதி, ஐம்பது பிரதி அச்சிடும் வசதி மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கட்டணம் இல்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் ஆசிரியரே விண்ணப்பிக்கலாம். தடை இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. நாங்கள் நண்பர்களோடு சேர்ந்து சில சிறுநூல்கள் கொண்டுவந்திருக்கிறோம். விற்பனைக்குக் கொடுத்த பிரதிகளுக்கு ஒரு விற்பனையாளர் இரண்டு ஆண்டு வரை கணக்கே காட்டவில்லை. நூலக ஆணை எப்போது வரும், வருமா என்பது தெரியாது. எங்களுக்குச் சோறு போட்டது கூட்டங்களில் விற்ற பிரதிகள்தான். ஏப்ரல் 14, டிசம்பர் 6, கல்லூரிக் கருத்தரங்கு, திருமண வீடு. அச்சிடுவதற்கு முன்பே நூறு பேரிடம் முன்பணம் வாங்குவது, மெய்ப்பை எழுதியவர் அல்லாத இருவர் பார்ப்பது, யாரிடம் எத்தனை பிரதி இருக்கிறது என்று நோட்டுப் போட்டு எழுதுவது, இவையெல்லாம் படைப்புக்கு வெளியே உள்ள வேலை என்று நினைக்க வேண்டாம். அயோத்திதாசரும் சீனிவாசனும் இவற்றைச் செய்துகொண்டேதான் எழுதினார்கள்.

இன்னொன்றையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூலை வெளியிடுபவர் முப்பது நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் செலவை நினைத்து நம்மில் பலர் இதை விட்டுவிடுகிறோம். விடக்கூடாது. நாளை ஓர் ஆய்வாளர் நம்மைத் தேடி வரும்போது, "அப்படி ஒரு நூல் இருந்ததாம்" என்று எழுத வேண்டிய நிலை அவருக்கு வரக்கூடாது.

ஆகவே கையெழுத்துப் பிரதியோடு வந்திருக்கும் தோழர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். எத்தனை பக்கம், எத்தனை பிரதி, யார் மெய்ப்புப் பார்ப்பது, முன்பணம் யாரிடம் கேட்பது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கன்னிமாராவுக்கு அனுப்பும் பிரதியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஜெய்பீம்.