ஈறும் உரைகல்லும்: கொச்சி வட்டாரத்தில் பல் முளைப்புப் பராமரிப்பு

கேரள வைத்திய மரபில் முதலிடம் பெற்ற வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், குழந்தை நோய்களைப் பேசும் உத்தரஸ்தானப் பகுதியில், பல் முளைப்பைப் பற்றி ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இரண்டு கருத்துகளைச் சொல்கிறது. பல் முளைப்பு எல்லா நோய்களுக்கும் காரணமாகும் என்பது ஒன்று. அதனால் வரும் உபாதைகள் பல் வெளிவந்ததும் தாமே தணிந்துவிடுமாதலால் குழந்தையை அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தி வருத்தக் கூடாது என்பது மற்றொன்று. இவற்றுள் முதற்கருத்து அச்சத்தை வளர்த்தது. இரண்டாவது, உரிய கவனத்தைப் பெறாமலே போயிற்று.

அந்நூல் கூறும் சிகிச்சை எளியது. திப்பிலித் தூளையோ, தாதகிப் பூவும் நெல்லிக்காயும் சேர்ந்த தூளையோ தேனில் குழைத்து ஈறில் தேய்க்கச் சொல்கிறது. இத்தகைய சரக்குகளுக்குக் கொச்சியில் பஞ்சம் இருந்ததில்லை. மிளகும் சுக்கும் குவிந்த மட்டாஞ்சேரிக் கடைத்தெரு அங்கேயே இருந்தது. உலர்ந்த சரக்கை அங்காடி மருந்து என்றும், தோட்டத்தில் பறிப்பதைப் பச்சை மருந்து என்றும் கேரளத்தார் பிரித்து வழங்கினர். டச்சுத் தளபதி வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவையும் மூன்று கொங்கணி பிராமணர்களின் அறிவையும் துணைக்கொண்டு உருவாக்க, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிகஸ், தமிழர் வசம்பு என்றும் மலையாளிகள் வயம்பு என்றும் அழைக்கும் கிழங்கையும் பதிவு செய்துள்ளது.

அந்தக் கிழங்குதான் கைக்குழந்தை உள்ள வீட்டின் முதல் மருந்து. கேரளத்தில் அதைப் பொன்னோடு தேனில் உரைத்துப் பிறந்த குழந்தையின் நாவில் தடவினர். தமிழ் வீடுகளில் விளக்குச் சுடரில் கருக்கி, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றுடன் உரைமருந்தாக்கினர். உரைமருந்து என்பது ஒவ்வொரு காயையும் கல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டொரு சுற்று மட்டுமே இழைத்து, வழித்தெடுத்துச் சங்கில் புகட்டும் மருந்து. அளவு சுற்றுக் கணக்கில் அடங்கியிருந்ததால், கைப்பழக்கமுள்ள பாட்டிமார் கடுமையான சரக்கையும் மிகச் சிறிதளவே கொடுத்தனர். இந்த நிதானம் பெரிதும் மதிக்கத்தக்கது.

பல்லே நோய்க்கு மூலம் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் கத்தியைக் கையிலெடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோவாஸ் பாரே ஈறைக் கீறிப் பல்லுக்கு வழிவிடும் முறையைப் பரிந்துரைத்தார். அது முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 இறப்புகள் பல் முளைப்பின் பேரில் பதிவாயின. பாதரசச் சேர்மமாகிய கலோமெல் கலந்த பல்முளைப்புத் தூள்கள் வீடுதோறும் புழங்கி, கைகால்கள் சிவந்து வலியால் குழந்தை துடிக்கும் இளஞ்சிவப்பு நோயை உண்டாக்கின. 1954இல் பிரிட்டனில் அத்தூள்களிலிருந்து பாதரசம் நீக்கப்பட்ட பிறகே அந்நோய் அருகியது. அமெரிக்காவில் திருமதி வின்ஸ்லோ பெயரில் விற்ற இனிப்பு மருந்தில் மார்பின் இருந்தது. குழந்தையின் அழுகையை அடக்குவதே குணம் என்று கொள்ளப்பட்ட காலத்தின் கொடுமை இது.

முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வருகிறது. தாயிடமிருந்து பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் குறைவதும் அப்போதுதான். அந்தப் பருவத்தில் இயல்பாகவே தொற்றும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பல்லின்மேல் ஏற்றப்பட்டன. எச்சில் வடிதல், ஈறு வலி, சிணுங்கல், உடம்புச் சூடு சற்றே கூடுதல் ஆகியவற்றுக்கு மேல் பல்லைக் குற்றம் சொல்ல இடமில்லை. கடும் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடியாக வேண்டும். கழுவிய விரலால் ஈறை வருடுவதும், குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுப்பதும் இன்றும் ஏற்கத்தக்கவையே. பழைய முறையில் கைவிட வேண்டியவை தேனும் வசம்பும்: ஒரு வயதுக்குள் தேன் பொட்டுலிசம் என்னும் நச்சுநோயைத் தரக்கூடும், வசம்பிலுள்ள பீட்டா-அசரோன் காரணமாக அமெரிக்கா 1968இல் அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் பென்சோகெயின் கலந்த ஈறுப் பசைகளும் இதற்கு விலக்கல்ல. அவை இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அவற்றைத் தர வேண்டாம் என அதே நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது.