பறையடித்தவன் பங்கு

பருத்தித்துறைச் செத்தவீடொன்றில் முழங்கும் பறையை ஒருவர் பதிந்து, கணினியில் வெட்டியொட்டி, நடனப்பாட்டாக்கி விற்கிறார் என்று கொள்வோம். இது கலையா, களவா?

வெட்டியொட்டும் கலையைப் பழிப்பது நம் நோக்கமன்று. பழைய மெட்டில் புதுப்பாட்டுக் கட்டுவது நம் கூத்துக்கும் பழக்கந்தான். உழைத்தவனின் பெயரும் கூலியும் எங்கே என்பதே கேள்வி.

அமெரிக்காவின் ‘த வின்ஸ்டன்ஸ்’ குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ இசைத்தட்டில், கிரெகரி கோல்மன் ஏறத்தாழ ஏழு விநாடி தனித்து டிரம் வாசித்தார். அவ்வேழு விநாடி பின்னர் ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளமாயிற்று. கோல்மனோ அதில் ஒரு காசும் காணாமல் 2006இல் மாண்டார். 2015இல் இரசிகர் திரட்டிய நிதி குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரைச் சேர்ந்தது. பதிப்புரிமையும் அவருடையதே, அடித்த கைக்கு உரியதன்று.

யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்த எம்.ஐ.ஏ.யின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ (2007), ‘த கிளாஷ்’ குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டொன்றை எடுத்தாண்டது. அக்குழுவினர் நால்வர் பெயரும் ஆக்கியோர் வரிசையில் ஏறின. பெயர் பெற்றவர்க்கு இது கிட்டுகிறது. பெயரற்றவனுக்கு?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலைக்கும் காவல் தருகிறது. வணிகத்துக்கு எடுத்தாள்வோர் கட்டணஞ் செலுத்தி அனுமதி பெறவேண்டும். நன்று. ஆனால் அனுமதி தருவது அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடம். பணம் போவது பண்பாட்டு மேம்பாட்டுக்கு. சாதியின் பேரால் தலைமுறை தலைமுறையாகப் பறை சுமத்தப்பட்டவனுக்கு அதில் ஒரு சதமேனும் சேரவேண்டுமென்று அப்பிரிவு சொல்லவில்லை.