பதில் கேட்காத கடிதம்

இரண்டே வாக்கியம்தான். நீங்கள் இங்கிருந்து போய்க் கொஞ்ச காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம் என்பது ஒன்று. எழுதத் தோன்றினால் எழுதுங்கள், படிக்க மகிழ்ச்சியாக இருக்கும் என்பது இன்னொன்று. கீழே, மருத்துவமனையில் நோயாளியோடு உட்கார்ந்து பேசியவரின் கையெழுத்து. கூடவே விலாசம் எழுதிய உறை ஒன்று இருக்கும். அதில் தபால்தலை ஒட்டியிருக்காது. ஒட்டி அனுப்பினால், காசு செலவழித்து அனுப்பியிருக்கிறார்களே, பதில் போடாவிட்டால் நன்றாக இருக்காதே என்று வாங்கியவருக்கு அது ஒரு சுமையாகிவிடும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, சொன்ன தேதிக்கு ஏன் வரவில்லை என்ற விசாரணையும் அந்தக் கடிதத்தில் கிடையாது.

1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தட்டச்சுப்பொறியில் பிறந்த கடிதம் இது. பெற்றவர் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர். அதன் வேர் இன்னும் கால் நூற்றாண்டு பின்னால், இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் இருந்த இளைஞர் மோட்டோவுக்கு, கப்பலேறும் முன் பழக்கமான ஒரு பெண் விடாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நம்மை நினைக்க ஓர் ஆள் இருக்கிறது என்ற அந்த எண்ணம்தான் தன்னைத் தாங்கிப் பிடித்தது என்று பின்னாளில் மோட்டோ சொன்னார். மருத்துவரான பிறகு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களும் ஆழ்ந்த மனச்சோர்வில் இருந்தவர்களும் வார்டை விட்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடி சிகிச்சைக்கு வா என்றால் பலர் வருவதில்லை. வராதவரை எப்படிப் பிடித்து வைப்பது?

மோட்டோ பிடித்து வைக்கப் பார்க்கவில்லை. அவரது ஆய்வின் அழகே அதில்தான் இருக்கிறது. மனநல வார்டுகளிலிருந்து வெளியேறிய 3,005 பேரை ஒரு மாதம் கழித்து விசாரித்தார்கள். சிகிச்சையைத் தொடராதவர்களும் மறுத்தவர்களுமாக 843 பேர் தேறினார்கள். எந்த மருத்துவமனையும் கைகழுவிவிடக்கூடிய பட்டியல் அது. மோட்டோவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பட்டியல்தான். குலுக்கல் முறையில் பிரித்து 389 பேருக்குக் கடிதம் போட்டார், 454 பேருக்குப் போடவில்லை. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்கு வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஐந்து வருடத்தில் ஒருவருக்கு 24 கடிதங்கள். அச்சடித்த சுற்றறிக்கை அல்ல; ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தது. வாசகம் முறைக்கு முறை மாறும். நோயாளி பதில் எழுதியிருந்தால் அடுத்த கடிதம் அதைத் தொட்டுப் பேசும். சுமார் நான்கில் ஒருவர் பதில் எழுதினார்கள். தபால்தலை ஒட்டாத உறைக்குத் தங்கள் காசில் வாங்கி ஒட்டி.

முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை மரணங்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தன. பிறகு இடைவெளி மெல்லச் சுருங்கி, 14ஆம் ஆண்டு வாக்கில் இல்லாமலே போயிற்று. கடிதம் நின்றது, அதன் பலனும் தேய்ந்தது என்றுதான் எனக்குப் படிக்கத் தோன்றுகிறது. முதல் கட்டுரை 1976இல் வந்தது. முழு முடிவுகள் அச்சேறியது 2001இல். பொதுவாக மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை என்று துறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும், காகிதமும் தபால் செலவும் எழுத ஓர் ஆளும் தவிர வேறொன்றும் தேவைப்படாத இந்த முறையைக் கையில் எடுக்க இத்தனை காலம் பிடித்தது. அதிலே விற்பதற்கு எதுவுமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அங்கிருந்து கடிதம் கடல் கடந்தது. ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் கிரெகரி கார்ட்டரும் சகாக்களும் அதை அஞ்சலட்டையாக்கினார்கள். தன்னைத்தானே வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்த 772 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு ஓராண்டில் எட்டு அட்டைகள். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் இருக்க அட்டையை உறையில் போட்டு ஒட்டி அனுப்பினார்கள். தட்டச்சுக்காரரின் கை விலகி, அட்டைக்கு அட்டை ஒரே வாசகமாகிவிட்டது. ஆனாலும் பலன் இருந்தது, எதிர்பார்த்த இடத்தில் அல்ல. மறுபடி அதே நிலையில் வந்தவர்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. வந்த தடவைகள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. அட்டை பெறாத குழுவில் 192 தடவை, பெற்ற குழுவில் 101. இது 2005இல் வெளிவந்தது. நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஆறு அட்டைகளோடு செய்துபார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. எந்த ஊரிலும் எவர் எழுதினாலும் பலிக்கும் தாயத்து அல்ல அது.

அடுத்த நிறுத்தம் தெஹ்ரான். லோக்மான் ஹக்கீம் மருத்துவமனையில் 2,300 பேர். இங்கே எட்டு அட்டைகளோடு ஒன்பதாவதாகப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்றும் சேர்ந்தது. எனக்குப் பிடித்த இடம் இது. மருத்துவப் பதிவேட்டில் பிறந்த தேதி என்ற கட்டத்துக்குள் கிடந்ததை யாரோ எடுத்து, அதை ஒரு மனிதரின் நாளாக்கிவிட்டார்கள். ஓராண்டுக்குள் மறுபடி முயன்றவர்கள் அட்டை பெற்றவர்களில் 3 சதவீதம், பெறாதவர்களில் 5.1 சதவீதம்.

தெஹ்ரானுக்கு முன்பே கடிதத்தின் இன்னொரு கிளை சென்னைக்கு வந்துவிட்டது. வரும்போது காகிதத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் 2005 வரை பிரேசிலின் காம்பினாஸ், சென்னை, கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு அது. சென்னைப் பகுதியை நடத்தியவர், 1986இல் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்தவர்களோடு, வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் பேச்சு. அதற்குப் பின் ஒன்பது தொடர்புகள்: 1, 2, 4, 7, 11 ஆகிய வாரங்களிலும் 4, 6, 12, 18 ஆகிய மாதங்களிலும். தொலைபேசியில் அல்லது நேரில். அவ்வளவுதான்.

ஏன் கடிதம் இல்லை? நம் வீடுகளை நினைத்துப் பார்த்தால் புரியும். தபால்காரர் கொடுக்கும் கடிதம் யார் பெயருக்கு வந்தாலும் வீட்டில் முதலில் கையில் கிடைப்பவர் பிரிப்பார். மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அதுவும் எந்த விஷயம்? ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு போட்டுவிடுவார்கள், போலீஸ் வரும் என்ற பயத்தில் தவறுதலாக நடந்துவிட்டது என்று எழுதச் சொல்லி மன்றாடிய விஷயம். பொண்ணுக்கு நாளைக்கு வரன் பார்க்கணுமே என்று சொந்தக்காரர்களிடமே மறைத்த விஷயம். அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாகவே வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவுக்கே இடமில்லை. ஊர் வாய்க்கு எந்தச் சட்டமும் பூட்டுப் போடவில்லை என்பது வேறு கதை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மருத்துவமனை முகவரி போட்ட உறை ஒன்று போய்ச் சேர்ந்தால் நன்மையைவிடத் தொல்லையே அதிகம். ஆள் போவதுதான் சரி. வந்தவர் யார் என்று கேட்டால் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்து இடங்களிலும் சேர்ந்து 1,867 பேர். 18 மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒரு மணி நேரப் பேச்சும் ஒன்பது தொடர்பும் கிடைத்தவர்களில் 0.2 சதவீதம். முடிவுகள் 2008இல் வெளியாயின. மருத்துவர் பற்றாக்குறை என்று கைவிரிக்கும் நாடுகளுக்குச் சொல்லப்பட்ட சேதி அது. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துவைத்து எடைபோட்டவர்கள் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். மீண்டும் மீண்டும் முயலும் தடவைகளை இது குறைக்கிறது; ஆனால் உயிரிழப்பைக் குறைக்கிறது என்று அறுதியிட இன்னும் சான்று வேண்டும் என்கிறார்கள். சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் பயணத்தில் நெஞ்சைத் தொடும் இடம் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் முகாம்கள். 1983 முதல் அலை அலையாக வந்தவர்களில் சுமார் 58,000 பேர் இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்றும் குடியுரிமை இல்லாதவர்கள். இவர்களை யாரும் விசாரிக்காமல் இல்லை. கணக்கெடுப்புக்கு வரிசையில் நில், கையெழுத்துப் போடு, வெளியே போவதானால் சொல்லிவிட்டுப் போ என்று ஆயுள் முழுக்க விசாரிப்புதான். சுகமா இருக்கிறீங்களோ என்று கேட்டுவிட்டு வேறொன்றும் வேண்டாமல் போகும் ஆள்தான் இல்லை.

லட்சுமி விஜயகுமாரின் குழு இரண்டு முகாம்களை எடுத்துக்கொண்டது. ஒன்றில் தேடிப் போய்ப் பார்க்கும் திட்டம், மற்றதில் வழக்கம்போல. 2017இல் அதன் முடிவு வந்தது. கதவைத் தட்டப் போனவர்கள் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் அல்ல. முகாமிலேயே வசிக்கும் தன்னார்வலர்கள், பயிற்சி பெற்ற அகதிகள். ஆபத்தில் இருப்பவர்களைத் தவறாமல் போய்ப் பார்த்தார்கள். கூடவே ஒரு அட்டை. சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவமனையிலிருந்து எழுதியது இங்கே ஆளே தனக்கு எழுதிக்கொள்வதாக மாறிவிட்டது. பாதுகாப்புத் திட்ட அட்டை என்ற இந்த வகைக்கு அமெரிக்காவில் வடிவம் கொடுத்தவர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும். எனக்கு மனம் சரியத் தொடங்குவதன் அறிகுறி என்ன? அப்போது நானே என்ன செய்து மனதைத் திருப்புவேன்? எந்த இடத்துக்குப் போனால், யாரோடு இருந்தால் கொஞ்சம் ஆறும்? யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம்? எந்த மருத்துவரைக் கூப்பிடலாம்? ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைக்க யாரிடம் சொல்வேன்? இவற்றுக்கான விடைகளை நிதானமாக இருக்கும்போதே, தன் சொற்களிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் மூளை வேலை செய்யாது. எடுத்துப் படிக்கக் கண் வேலை செய்யும். திட்டம் நடந்த முகாமில் தற்கொலை முயற்சிகளும் மரணங்களும் சேர்த்துப் பார்த்தால் மற்ற முகாமைவிடக் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் மருத்துவப் பட்டமே இல்லாத பக்கத்துக் குடிசைக்காரர் செய்த வேலை என்பதை மறந்துவிடக் கூடாது.

கடிதம் பிறகு கைப்பேசிக்குள் புகுந்தது. போர்முனைக்கு ஒரு பெண் எழுதிய கடிதத்தில் தொடங்கிய கதை, அமெரிக்கத் தரைப்படையினருக்கும் மரைன் வீரர்களுக்கும் ஓராண்டில் 11 குறுஞ்செய்திகளாகப் போய்ச் சேர்ந்தது; 2019இல் அதன் முடிவு வெளிவந்தது. பிறந்தநாள் செய்தியும் அதில் உண்டு. முதன்மையாக எதிர்பார்த்த மாற்றம் கிட்டவில்லை. ஆனால் தற்கொலைக்கு முயன்றவர்கள் குறைந்தார்கள். அங்கே வீரர் பதில் அனுப்பினால் மறுபக்கம் படித்துப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். இனி இதைச் செயலியும் தானியங்கிச் செய்தியும் செய்துவிடும் என்று யாராவது கிளம்பினால் நான் நம்பத் தயாரில்லை. மின்கட்டணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்திக்கும் நலம் விசாரிக்கும் குறுஞ்செய்திக்கும் நடுவே இருக்கும் ஒரே வித்தியாசம் அந்த ஆள்தான்.

2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. அதே ஆண்டு வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் இறப்புகளைப் பத்து சதவீதம் குறைப்போம் என்கிறது. முயன்று பிழைத்து, அரசு மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டோடு பஸ் ஏறும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே தேடிப் போய்ப் பார்க்கும் ஏற்பாடு ஊர்தோறும் வந்தாலே ஒரு பகுதி வேலையாவது நடந்துவிடும். மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே போகத் தெரிந்த மாநிலம் இது. இதற்கும் போகலாம்.

அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அப்படி வீடு திரும்பியிருந்தால், நடந்ததைக் கிளறாமல் இரண்டு வரி அனுப்புங்கள், அல்லது போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த மாதம் மறுபடி. உங்களுக்கே தாங்க முடியாத நாள் வந்தால், அரசின் டெலிமானஸ் எண் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். சென்னை சிநேகாவின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல உதவி எண் 1926.