வாசலில் நின்றவர்கள்

ஒரு புத்தகத்தை யாருக்குக் காணிக்கையாக்குகிறார் என்பதிலேயே எழுதியவரின் மனசு தெரிந்துவிடும். தீண்டாமை எப்படிப் பிறந்தது என்று ஆராய்ந்து 1948-ல் டாக்டர் அம்பேத்கர் ஒரு நூல் வெளியிட்டார். அதை மூன்று பேரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார் - நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர்!

அம்பேத்கர் மஹர் சமூகத்தில் பிறந்தவர். சோகாமேளரும் மஹர்தான். சரி, நம்ம சிதம்பரத்து நந்தனார் அங்கே எப்படி வந்தார்? கதை ஒன்றுதான், அதனால்!

நந்தனார் 'நாளைக்குப் போவேன்' என்று தில்லைக்கு ஏங்கியே நாட்களைக் கழித்தவர். தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போனார் என்கிறது பெரியபுராணம். பண்டரிபுரத்தில் சோகாமேளருக்கு அதுவும் கிடைக்கவில்லை. 1338-ல் மங்கள்வேடேயில் சுவர் கட்டும் வேலையில், அது இடிந்து விழுந்து செத்துப்போனார். அவருடைய சமாதி பண்டரிபுரம் கோயில் வாசற்படி அருகே இருக்கிறது. அப்போதும் உள்ளே அல்ல!

இனிமேல்தான் விஷயமே. சோகாமேளர் வீட்டில் மனைவி, தங்கை, மகன் எல்லோருமே பாடுகிறவர்கள். அப்பாவும் கடவுளிடம் கேள்வி கேட்டவர்தான். ஆனால், 'போன ஜென்மத்து வினை' என்று சில இடங்களில் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறார். மகன் கர்மமேளருக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. எங்களை ஏன் இப்படிப் படைத்தாய், எச்சில் சோறு தின்கிறோமே, உனக்கு வெட்கமாக இல்லையா என்று விட்டலனையே உலுக்குகிறார். ஒரே வீடு, ஒரே பிறப்பு, இரண்டு மனசு!

சுமார் 550 வருஷம் கழித்து, அதே சிக்கல் நம்ம பக்கத்தில். ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890-ல் பிறந்தவர் முனுசாமி. மிஷன் பள்ளியில் படித்தபோது 'சிகாமணி' என்று பெயர் வைத்தார்கள். மதம் மாறச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். பெற்றோர் பிழைப்புத் தேடிப் போன கோலார் தங்கவயலுக்குப் போனார். அங்கேயும் மனசு நிற்கவில்லை. சென்னை வியாசர்பாடியில் ஒரு துறவியிடம் சீடராகி, சுவாமி சகஜானந்தர் ஆனார்.

துறவி என்றால் குடும்பம், ஜாதி இரண்டையும் உதறியவர். அப்படியே ஒதுங்கிப் போயிருக்கலாம், ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ 1910-ல், கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துச் சிதம்பரத்துக்கு வந்தார். 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 25 பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். காவி கட்டியும் தன் ஜனத்தை விடவில்லை. 1959-ல் மறையும்வரை அதே வேலைதான். நந்தனார் பெயரில் சிதம்பரத்தில் இன்றும் அரசுப் பள்ளிகள் உண்டு.

அம்பேத்கர் 1956-ல் நாக்பூரில் இந்து மதத்தை விட்டே வெளியேறினார். சகஜானந்தர் உள்ளேயே நின்று போராடினார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால், இருவருமே பிறப்பை மறைக்கவில்லை, கவனித்தீர்களா?

இன்றைக்கு வருவோம். கடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வேலை கிடைத்துச் சென்னைக்கு வருகிறான். வீடு வாடகைக்குக் கேட்டால், "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறார்கள். அம்மா போனில், "எதுக்குடா வம்பு? ஏதாவது சொல்லிச் சமாளி" என்கிறாள். அது அம்மாவின் பயம், பாசமும்கூட. சமாளித்தால் வீடு கிடைக்கும், ராத்திரி தூக்கம் வராது. உண்மையைச் சொன்னால் நிம்மதி, ஆனால் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். அந்தப் பையனுக்குள் சோகாமேளரும் கர்மமேளரும் ஒன்றாகவே தவிக்கிறார்கள்.

அம்மாவுக்கா, தனக்கா, யாருக்கு உண்மையாக இருப்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் நமக்கு வேலையில்லை. ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்டவர் வாசலுக்கு உள்ளே நின்றார் இல்லையா... அது நாமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாமே!