நிரலின் விடுதலையும் விளையாட்டின் விடுதலையும்

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’, டாஸ் கணினிகளுக்கென உருவான விளையாட்டு. 1997 டிசம்பர் 23 அன்று ஜான் கார்மாக் அதன் மூலநிரலைப் பொதுவெளியில் வைத்தார். வைத்ததோ லினக்ஸ் வடிவத்தின் நிரல். டாஸ் வடிவத்தின் ஒலி நூலகம் பிறர் உடைமையாக இருந்ததே காரணம்.

முதலில் அளிக்கப்பட்ட உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தது. 1999-இல் அந்நிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வந்த பின்னரே, எவரும் அதைத் திருத்தலாம், பகிரலாம், விற்கலாம் என்ற நிலை பிறந்தது.

எனினும் விடுதலை பெற்றது நிரல் மட்டுமே. ஆட்டக்களங்கள், அரக்கர் உருவங்கள், இசை ஆகியவை தனியுடைமையாகவே நீடித்தன. நிரல் கையிலிருந்தும், விலைக்கு வாங்கிய தரவுக்கோப்பு இன்றி முழு ஆட்டம் ஆட இயலவில்லை.

இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே ‘ஃப்ரீடூம்’ திட்டம். தன்னார்வலர்கள் களங்களையும் உருவங்களையும் ஒலிகளையும் புதிதாகப் படைத்து, பிஎஸ்டி உரிமத்தில் அளித்தனர். அதன் பயனாக இன்று டெபியன் பயனர் ஒருவர், உடைமை மென்பொருளின் துணையின்றி, டூம் மரபில் வந்த முழு விளையாட்டை நிறுவிக்கொள்ள இயல்கிறது.

ஆகவே கட்டற்ற விளையாட்டுகளின் வரலாற்றை நிரலாளரின் வரலாறாக மட்டும் எழுதினால் அது பாதி வரலாறே. மறுபாதி, தம் படைப்பைப் பொதுவுடைமையாக்கிய ஓவியருக்கும் இசைஞருக்கும் களம் வகுத்தோருக்கும் உரியது.