சனி ஞாயிறு ஆட்டக்காரர்கள்



முஹம்மத் அலி, ஜோர்ஜ் போர்மனை விழுத்திய அந்தக் காணொளி நம்மில் பலருடைய தொலைபேசிக்கும் எப்போதாவது வந்து போயிருக்கும். 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசா நகரம், எட்டாவது சுற்று. போர்மன் சரிந்து விழுகிறார். கறுப்பினத்தவரான மத்தியஸ்தர் ஒருவர் குனிந்து நின்று எண்ணுகிறார். நாம் எல்லோரும் அலியைத்தான் பார்ப்போம். அந்த மத்தியஸ்தரை யார் கவனித்தார்கள்? அவருடைய பெயர் சாக் கிளேட்டன். இளம் வயதில் அவர் பெயர்பெற்ற கூடைப்பந்தாட்ட வீரர். அவரைத் தேடிப் போனபோதுதான் இந்தப் பதிவுக்கான கதை நமக்குக் கிடைத்தது.

கந்தளாயில் நாம் கூடைப்பந்தாட்டத்துக்குப் பெயர்போனவர்கள் இல்லை. நமக்கு உதைபந்தாட்டம், கிரிக்கெட், பின்னேரத்தில் கரப்பந்தாட்டம். ஆனாலும் இந்தக் கதை பேராற்றிலும் நடந்திருக்கக்கூடிய கதை. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

1946 ஏப்ரல் 23 ஆம் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ‘ஈஸ்டர்ன் பென்சில்வேனியா கூடைப்பந்தாட்ட லீக்’ தொடங்கியது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த என்.பி.ஏ.யின் தாய் அமைப்பு அதே வருடம் ஜூன் 6 இல்தான் உருவானது. அதாவது இந்தச் சின்ன லீக் ஆறு கிழமை மூப்பு. வில்க்ஸ்-பாரே, ஹேசல்டன், அலன்டவுன், லங்காஸ்டர், ரெடிங் என்று பென்சில்வேனியாவில் ஐந்து ஊர்கள். ஆறாவது அணி நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹம்டன். அது பருவம் முடியுமுன்னே பொட்ஸ்வில் என்ற ஊருக்கு இடம் மாறிவிட்டது. இடைநடுவில் ஓர் அணி ஊரையே மாற்றுவது நமக்குச் சிரிப்பாக இருக்கும். கதவில் வசூலாகும் ரிக்கட் காசை நம்பி நடக்கும் லீக்குகளில் இதெல்லாம் நடக்கும்.

வில்க்ஸ்-பாரே, ஹேசல்டன், பொட்ஸ்வில், பிற்பாடு சேர்ந்த ஸ்க்ராண்டன் எல்லாமே நிலக்கரியால் பிழைத்த ஊர்கள். ஸ்க்ராண்டன் அணிக்குப் பெயரே ‘மைனர்ஸ்’, சுரங்கத் தொழிலாளர். லீக் தொடங்கிய காலத்திலேயே அந்தத் தொழில் இறங்குமுகத்தில் இருந்தது. 1959 ஜனவரி 22 இல் சுஸ்குவெஹானா ஆற்றுக்கு அடியால் தோண்டிக்கொண்டு போன நொக்ஸ் சுரங்கத்தின் கூரை உடைந்து, ஆறு உள்ளே புகுந்தது. 12 பேர் போனார்கள். அவர்களுடைய ஜனாஸாக்கள்கூட வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. ஆற்றில் விழுந்த சுழியை அடைக்க ரயில் பெட்டிகளையே தள்ளி விட்டார்களாம். அந்தப் பகுதியின் ஆழச் சுரங்கத் தொழில் அதோடு அநேகமாக முடிந்தது.

1986 ஏப்ரல் 20 அதிகாலை குளக்கட்டு உடைந்ததை நேரில் பார்த்த ஊர் நாம். செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு எழுந்த சீனித் தொழிற்சாலை 1993 இல் மூடப்பட்டதும் என்ன நடந்தது என்று நம் வாப்பாமாரிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரே தொழிலை நம்பிய ஊர் அந்தத் தொழிலை இழக்கும்போது, சனிக்கிழமை பின்னேரம் எங்காவது கூடி ஒன்றுக்காகக் கத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

லீக்கின் ஆட்டங்கள் பெரும்பாலும் சனி ஞாயிறுகளில். வீரர்கள் கிழமை நாட்களில் வேறு வேலை செய்பவர்கள். அவர்களில் ஆசிரியர்களும் கணிசமாக இருந்தார்கள் என்று வாசித்தபோது நமக்கு ஒரு தனிச் சந்தோசம். நியூயோர்க்கிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நாலைந்து பேர் ஒரே காரில் நெருக்கியடித்து, பனிக்காலத்து மலைப்பாதையில் மணிக்கணக்காக ஓடி வருவார்கள். பாடசாலை மண்டபம் போன்ற இடங்களில் விளையாடிவிட்டு, அந்த ஆட்டத்துக்கான காசை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகத் திரும்புவார்கள். திங்கள் காலை வேலைக்கு நிற்க வேண்டும்.

இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் வந்தார்கள்? என்.பி.ஏ.யில் இடம் இல்லை. 1950 களின் நடுப்பகுதியில் அங்கே எட்டே அணிகள். மொத்தமாக எண்ணினால் நூறு வீரர்கள்கூடத் தேறமாட்டார்கள். அதிலும் 1950 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. கதவு திறந்த பிறகும், ஓர் அணிக்கு இத்தனை பேர்தான் என்று எங்கும் எழுதாத ஒரு கணக்கு இருந்தது. எழுதப்பட்ட சட்டத்தை வாசித்துக் காட்டி வாதாடலாம். எழுதாத கணக்கோடு யார் எப்படி வாதாடுவது?

ஹேசல்டன் அணியோ 1946-47 இலேயே, தன் முதல் பருவத்திலேயே, மூன்று கறுப்பின வீரர்களை ஆடவிட்டது. பில் பிரவுன், ஜோன் ஐசக்ஸ், நம்முடைய சாக் கிளேட்டன். ஐசக்ஸும் கிளேட்டனும் 1939 இல் உலகத் தொழில்முறைக் கிண்ணத்தை வென்ற ‘நியூயோர்க் ரென்ஸ்’ என்ற கறுப்பின அணியில் ஆடியவர்கள். அப்படிப்பட்டவர்கள் சுரங்க ஊரில் வார இறுதி ஆட்டம் ஆடினார்கள்.

1955-56 பருவத்தில் அதே ஊரின் ‘ஹேசல்டன் ஹோக்ஸ்’ அணி, ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரையும் கறுப்பினத்தவராகவே இறக்கியது. டொம் ஹெமன்ஸ், ஜெசி ஆர்னெல், பிளெட்சர் ஜோன்சன், ஷேர்மன் வைட், புளோய்ட் லேன். என்.பி.ஏ.யில் இப்படி ஒரு ஐவரை பொஸ்டன் செல்டிக்ஸ் இறக்கியது 1964 டிசம்பரில். இடையில் ஒன்பது வருடங்கள். ஹேசல்டன்காரர்கள் புரட்சி செய்யப் புறப்பட்டவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. வெல்ல வேண்டும், கிடைத்தவர்களில் சிறந்த ஐந்து பேர் இவர்கள். அவ்வளவுதான்.

அந்த ஐவரில் கடைசி இரண்டு பெயர்களில் கொஞ்சம் நிற்க வேண்டும். வைட்டும் லேனும் நியூயோர்க்கின் கல்லூரி நட்சத்திரங்கள். லேனின் சிட்டி கொலேஜ் 1950 இல் ஒரே வருடத்தில் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிக் கிண்ணங்களையும் வென்றது. வைட் ஒரே ஆட்டத்தில் 63 புள்ளி அடித்தவர். 1951 இல் சூதாட்ட விவகாரம் வெடித்தது. அந்தச் சூதின் தந்திரம் இதுதான். இந்த அணி எட்டுப் புள்ளியால் வெல்லும் என்று பந்தயம் கட்டப்படும். வீரர்களிடம் தரகன் வந்து, “நீங்கள் தோற்க வேண்டாம், வெல்லுங்கள், ஆனால் எட்டுக்குக் குறைவாக வெல்லுங்கள்” என்பான். பொடியன்மாருக்கு அது பெரிய பிழையாகத் தெரியாது. அணி வென்றுவிட்டதே! அப்படித்தான் விழுந்தார்கள். வைட் பல மாதங்கள் சிறையில் இருந்தார். இருவருக்கும் என்.பி.ஏ. ஆயுள்தடை விதித்தது.

சூது ஹராம் என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். நம் நாட்டில் 2019 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டப்படி ஆட்ட நிர்ணயத்துக்குப் பத்து வருடம்வரை சிறை. ஆனால் கையில் இருக்கும் தொலைபேசியிலேயே பந்தயம் கட்டலாம் என்றான பிறகு, ஓ.எல். பொடியன்மார் இடைவேளையில் பேசிக்கொள்வதைக் கேட்கும்போது நமக்குப் பயம் வருகிறது. ஷேர்மன் வைட்டுக்கு அப்போது 22 வயது. வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பது நியாயமா என்று கேட்டால், நமக்கு அது கூடுதலாகத்தான் படுகிறது. கென்டக்கியின் ஏழடி உயர பில் ஸ்பிவி மீது குற்றம் ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. அவரையும் என்.பி.ஏ. சேர்க்கவில்லை. அவரும் வந்து ஆடியது இதே ஈஸ்டர்ன் லீக்கில்தான்.

எல்லோர் கதையும் இப்படி முடியவில்லை. பேசும்போது திக்கும் பொப் லவ், 1965-66 இல் ட்ரென்டன் அணியில் ஆடி சிறந்த புதுமுகமானார். அங்கிருந்து என்.பி.ஏ. போனார். சிக்காகோ புல்ஸ் அவருடைய 10 ஆம் இலக்க மேற்சட்டையை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று பின்னாளில் முடிவெடுத்தது. அலன்டவுனில் ஆடிய ரே ஸ்கொட், அலி போர்மனை வென்ற அதே 1974 இல், என்.பி.ஏ.யின் சிறந்த பயிற்றுவிப்பாளர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். இன்று பொடியன்மார் தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகைகூட 1960 களிலேயே இந்த லீக்கில் இருந்தது. என்.பி.ஏ. அதை ஏற்றுக்கொண்டது 1979 இல்.

1967 இல் ஏ.பி.ஏ. என்ற புதிய பெரிய லீக் வந்தது, என்.பி.ஏ.யும் அணிகளைக் கூட்டியது. மேலே இடம் கிடைத்ததும் நல்ல வீரர்கள் போய்விட்டார்கள், போகத்தானே வேண்டும். 1978 இல் ‘கொன்டினென்டல்’ என்று பெயர் மாற்றிக்கொண்ட லீக் 2009 வரை எப்படியோ இழுத்தது. 2018 இல் நம் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் உதைபந்தாட்டத்தில் ‘டிரிங்கோ டைட்டன்ஸ்’ ஆடியபோது கத்தியவர்களுக்கு, வார இறுதி லீக் ஒன்றைத் தொடர்ந்து நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

ஜோன் ஐசக்ஸ் பிற்காலத்தில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் சிறுவர் கழகம் ஒன்றில் பல்லாண்டு பிள்ளைகளோடு வேலை செய்தார். புளோய்ட் லேனும் அதே பிரொங்ஸில் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அவர் கைபிடித்துத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர் நேட் ஆர்ச்சிபால்ட், பின்னாளில் என்.பி.ஏ.யின் பெரிய நட்சத்திரம். 1970 களின் நடுப்பகுதியில் சிட்டி கொலேஜ் தன் அணிக்குப் பயிற்றுவிப்பாளர் ஒருவரைத் தேடியது. அந்தப் பொறுப்பு அங்கே அவமானப்பட்டு வெளியேறிய புளோய்ட் லேனுக்கே கொடுக்கப்பட்டது.